பூனைச் சத்தத்துக்குப் பின்னால்

கல்முனையில் ஒலிப்பதிவுக் கடை நடத்தும் ஒருவர் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் எனக்குப் பிறகு கொஞ்சக் காலம் இருந்தவராம். "காக்கா, ஊடுகள்ல இருந்து பூனை, கிளி, ஆடெண்டு எல்லாச் சத்தத்தையும் போன்ல புடிச்சிட்டு வாறாங்க. பின்னால கேக்குற இரைச்சல நீங்க எப்பிடி எடுத்தீங்க? இப்ப ஒரு அமத்துல எல்லாம் போகுது, ஆனா பூனையும் சேந்து போகுது" என்று கேட்டிருந்தார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். கேள்வி சின்னதுதான். பதிலைக் குரலில் சொல்லத் தொடங்கினேன், சரிவரவில்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத எழுத, அவர் கேட்டதற்கு மேலே போய்விட்டது. கேட்டவர் மன்னிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பிடித்த சத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலையில் பாதி, அந்த வேலை வராமல் பார்த்துக்கொள்வதுதான். யாராவது பூனைச் சத்தம் கொண்டுவந்தால், திரும்ப ஒருதரம் பிடித்துத் தர முடியுமா என்றுதான் கேட்பேன். மின்விசிறியை நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கொஞ்ச நேரம் கழற்றி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம், மெத்தையும் தலையணையும் கிடக்கிற அறைக்குள் பூனையைக் கொண்டுபோங்கள். போனை அதன் வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள். ரொட்டி விற்கும் சூண் பாண் ஓட்டோ பாட்டோடு தெருவைக் கடந்து போகும்வரை பொறுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள், பாதிச் சத்தத்தை அது வழியிலேயே தின்றுவிடும். இவ்வளவையும் சொல்லி முடிக்க, அவர்கள் தரும் பதில் எப்போதும் ஒன்றுதான். "அது இப்ப கத்துதில்லயே காக்கா." பூனை என்ன சம்பளத்துக்கா கத்துகிறது?

நான் மருதமுனைக்காரன். தறிச் சத்தத்துக்குள்ளேயே தூங்கி எழும்பியவன். ஒலிபெருக்கி கட்டும் வேலைக்குப் போய், கசெட்டில் விளம்பரம் பதிந்து, பிறகு கணினிக்கு மாறி, கல்முனையில் ஒரே ஸ்டூடியோவில் என் காலம் போனது. சாறன் கடை விளம்பரம், பள்ளிவாசல் பயான், கலியாணம், தேர்தல் கூச்சல் என்று எல்லாம் பதிந்தோம். அந்தக் கதையை எல்லாரும் எழுதுகிறார்கள், நான் விடுகிறேன். கடைசிக் காலத்தில் எல்லார் கையிலும் போன் வந்த பிறகுதான் இந்தப் பிராணிகள் எங்கள் கடைக்குள் வந்தன.

வேலையை எனக்குக் காட்டியவர் எங்கள் பொறுப்பாளர் நல்லதம்பி மாஸ்டர். தம்பிலுவிலில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கத்த மாட்டார், ஏச மாட்டார். நான் செய்துவைத்ததை ஹெட்போனில் கேட்பார், அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சுவர்ப் பார்வைக்கு ஏச்சே மேல். ஒருதரம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஆடு மாடு விற்கிற ஒருவரின் விளம்பரத்துக்கு, கடற்கரையில் பிடித்த ஆட்டுச் சத்தத்தைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். "என்ன மனே, ஆட்டக் கழுவச் சொன்னா தோலையும் உரிச்சிட்டியே" என்றார். அவ்வளவுதான். திரும்ப முதலில் இருந்து செய்தேன்.

அவர் முறை இது. வெட்டுவதற்கு முன் முழுப் பதிவையும் ஒருதரம் கேட்க வேண்டும். அதுவும் பிராணியைக் கேட்கக் கூடாது, பிராணியை விட்டுவிட்டு மற்றதைக் கேட்க வேண்டும். பிராணி வாயை மூடியிருக்கும் ஒரு துண்டைத் தெரிந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று கணினிக்குக் காட்ட வேண்டும். காட்டியதை அது முழுப் பதிவில் இருந்தும் கழிக்கும். ஒரேயடியாகக் கழிக்கக் கூடாது. கொஞ்சம் கழித்து, கேட்டு, மறுபடி கொஞ்சம் கழிக்க வேண்டும். மின்சார ரீங்காரம் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கும், அதை ஊசி குத்தியது போல அந்த இடத்தில் மட்டும் எடுக்கலாம். தறி அடிக்கும் சத்தத்தை அப்படி எடுக்க முடியாது, ஒவ்வொரு அடியாகத் தேடிப் பிடித்துக் கையால் அழிக்க வேண்டும். பூனை உறுமிக்கொண்டு படுத்திருக்கும் சத்தம் மின்விசிறிக்கு அண்ணன் தம்பி, கணினிக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் அங்கே கையை வைக்கவே கூடாது. கடல்தான் எல்லாவற்றிலும் மோசம். ஏறும், இறங்கும், ஒரு நிமிடம் இருந்தபடி மறு நிமிடம் இராது. எதைக் காட்டி இதுதான் கடல் என்று சொல்வது? எங்கள் கரையில் கடல் கேட்காத வீடு எத்தனை இருக்கிறது?

எல்லா வேலையும் சிரிப்பாக முடிந்ததில்லை. பாலமுனையில் இருந்து ஒரு மீன்காரர் வந்தார். அவர் கிளி பறந்துவிட்டது. போனில் பழைய சத்தம் கொஞ்சம் இருந்தது. அதைச் சுத்தமாக்கி ஒலிபெருக்கியில் போட்டுத் தெருத் தெருவாகப் போனால் கிளி கேட்டுவிட்டு வரும் என்பது அவர் கணக்கு. செய்து கொடுத்தோம். ஓட்டோவில் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். காகங்கள் வந்தன. ஊர்ப் பிள்ளைகள் கிளி மாதிரிக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். கிளி வரவில்லை. பிறகு ஒருநாள் சந்தையில் கண்டபோது, "சத்தத்த நல்லாத்தான் தந்தீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான்.

இனி மாஸ்டரின் இன்னொரு சட்டம். வீட்டுக்குள் பிடித்த எந்தப் பதிவிலும் பெண்களின் குரல் இருக்கும். அடுப்படியில் கதைப்பார்கள், பிள்ளையை ஏசுவார்கள், பக்கத்து வீட்டுக் கதை சொல்வார்கள். கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊர்களில் அது பெரிய விஷயம். முகத்தை மறைக்கிற பெண் தன் குரல் ஒரு கடையின் கணினியில் கிடக்கச் சம்மதிப்பாளா? மாஸ்டர் இந்து. ஆனாலும் முஸ்லிம்களான எங்கள் ஆட்களிடம் எங்கள் சொல்லிலேயே சொல்வார். "ஊட்டுச் சத்தம் எங்களுக்கு அமானிதம். வேலை முடிஞ்சா உங்கட கண்ணுக்கு முன்னால அழிச்சிப் போடுவம்." அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அப்படியே செய்வார். சுத்தம் செய்த பிரதியைக் கொடுத்துவிட்டு, மூலப் பதிவை வாடிக்கையாளரைத் திரை முன்னால் உட்காரவைத்து அழிப்பார். குப்பைத் தொட்டியையும் காலியாக்கிக் காட்டுவார். அதனால்தான் காத்தான்குடியில் இருந்துகூட எங்கள் கடை தேடி வந்தார்கள். மாஸ்டர் மௌத்தாகி இந்த உலகத்தை விட்டுப் போன பிறகும் நான் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறவில்லை.

சப்றி வந்தது நான் ஓய்வுபெறப் போகும் காலத்தில். சொந்த ஊர் சாய்ந்தமருது, கட்டாரில் வேலை, லீவில் வந்திருந்தான். அவர்கள் வீட்டில் சீனி என்று ஒரு வெள்ளைப் பூனை. மீன் ஆயும் நேரத்தில் அது போடும் கூச்சலைப் போனில் பிடித்திருந்தான். கட்டாரில் அறையில் இருக்கும் பொடியன்களுக்குக் கேட்க வைக்க வேண்டும், முகநூலிலும் போட வேண்டும். ஒரே ஒரு இடைஞ்சல். பூனை கத்தும் நேரமெல்லாம் அவன் உம்மாவும் அதோடு கதைத்துக்கொண்டிருந்தா. பின்னால் கடல்.

மறுநாள் உம்மாவே வந்துவிட்டா. மகனோடு ஓட்டோவில் வந்து இறங்கி, கறுப்பு அபாயாவோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தா. என்னைவிட மூத்தவ. தன் குரல் எல்லாம் போய்விட்டதா என்று தானே பார்க்க வேண்டுமாம். மூலப் பதிவை ஒருதரம் போட்டுக் காட்டினேன். கத்தி பலகையில் உரசும் சத்தம், சீனியின் கூச்சல், அதற்கு மேலே ஒரு குரல். "பொறுடா பொறு, ஒன்ட வாப்பாவா கடலுக்குப் போய்ப் புடிச்சிட்டு வந்த?"

அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது ஆர்ர சத்தம்? என்டயா? அல்லாவே, கெழவி மாதிரி இரிக்கி" என்றா.

"கெழவிதானே உம்மா" என்றான் சப்றி.

"வாயப் பொத்துடா." பிறகு என் பக்கம் திரும்பினா. "தம்பி, நீங்க வேலைக்காகக் கேட்டுட்டீங்க, அது போகட்டும். இனி ஒரு பிற ஆம்புளையும் கேக்கப்படாது. நான் மௌத்தான பொறகு என்ட சத்தம் ஒரு மிசினுக்குள்ள கெடந்து கதைக்கவும் படாது. அழிங்க."

"சரி ராத்தா" என்றேன்.

அவ சொன்னபடி செய்தேன். பூனை கத்தாத இடத்தை எல்லாம் மௌனமாக்கினேன், அது மூச்சு எடுக்கும் சின்ன இடைவெளிகளில் அவ கதைக்கவில்லை, கடல்தான், அதை மட்டும் விட்டேன். கத்துகிற இடங்களில் அவ குரல் பூனைக்கு அடியில் அகப்பட்டிருந்ததை முடிந்தவரை இறக்கினேன். முற்றாக எடுக்க முடியாது, எடுத்தால் பூனையும் போகும். கேட்கிறவனுக்குப் பூனை மட்டும்தான் தெரியும் என்ற அளவுக்குக் கொண்டுவந்தேன். அவவும் கேட்டுத் திருப்திப்பட்டா. பிறகு அவ கண் முன்னால் மூலத்தை அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலியாக்கினேன். மகனின் போனை வாங்கி அதிலும் அழிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தா. போகும்போது, "பூனைக்கும் புகழ்தான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு படியிறங்கினா. அவவை நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

சப்றி கட்டாருக்குத் திரும்பிப் போய்க் கொஞ்ச மாதத்தில் உம்மா மௌத்தாகிவிட்டா. நெஞ்சு நோகிறது என்று சொன்ன அன்றே. மகன் டிக்கட் எடுத்து வந்து சேர்வதற்குள் அடக்கிவிட்டார்கள். எங்கள் வழக்கம் அது, இறந்தவரின் மையித்தைக் காக்க வைப்பதில்லை. அவன் வந்து பார்த்தது மண்ணைத்தான்.

வந்தவன் நேரே என்னிடம் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. பின்னேர அஸர் தொழுகை முடிந்து நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். ஸலாம் சொன்னான், இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"காக்கா, அந்த முதல் ரெக்கோடிங் இரிக்கா?"

"அழிச்சத்த நீங்களும் பாத்தீங்களே தம்பி."

"பாத்தன். ஆனா உங்களுக்கிட்ட எங்கயாவது ஒண்டு இரிக்கும் எண்டு நெனச்சன். கடைக்காரன் எல்லாரும் ஒண்டு வெச்சிருப்பான்தானே?"

மற்றக் கடைக்காரர்கள் வைத்திருப்பார்கள். நாங்கள் வைப்பதில்லை என்றுதான் அவன் உம்மா எங்களிடம் வந்தா. அழித்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டுத் தேடினேன். பழைய கணினி, இடம் இல்லாத கணினி, அழித்த இடத்தில் எல்லாம் யார் யாருடைய கலியாணமோ ஏறிக்கிடந்தது. ஒன்றும் வரவில்லை. அவன் உம்மா ஒரு படத்துக்கும் நின்றதில்லை. அடையாள அட்டையில் இருக்கும் படம் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பச் சொன்னாலும் அனுப்ப மாட்டாவாம், போன் கோல் எடுத்துத்தான் கதைப்பா. எடுத்த கோல் எங்கே தங்கும்?

அவன் தன் போனைத் திறந்து, நான் செய்து கொடுத்த பூனைச் சத்தத்தை எடுத்து நீட்டினான்.

"இதுக்குள்ள உம்மா கொஞ்சம் இரிக்காவா?"

"பூனைக்கு அடியில கொஞ்சம் இருக்கலாம். கேக்காது."

"அப்ப பூனைய எடுத்துட்டு உம்மாவத் தாங்க."

என் வாழ்க்கையில் இப்படி ஒரு வேலை யாரும் தந்ததில்லை. "தம்பி, அவ வேணாம் எண்டுதானே சொன்னா? மௌத்தான பொறகு என்ட சத்தம் கெடக்கப்படாது எண்டு உங்களுக்கு முன்னாலதானே சொன்னா?" என்றேன்.

"அவ சொன்னது ஊராக்களுக்கு" என்றான். "நான் ஊராளா காக்கா?"

அது சரியா என்று மார்க்கம் படித்த ஆலிம் ஒருவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிள்ளை முன்னால் நிற்கும்போது நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ஆனால் அவ சொன்னதில் மற்றப் பாதியை நான் காப்பாற்ற வேண்டும். பிற ஆண் கேட்கக் கூடாது. அதனால் ஒலிபெருக்கியை நிறுத்தினேன். ஹெட்போனை அவன் தலையில் மாட்டினேன். நான் கண்ணால் வேலை செய்தேன். திரையில் சத்தம் படமாக விழும். மனிதக் குரல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய கோடுகளாகத் தெரியும். பூனை கத்துவது தடித்து வளைந்து ஏறி இறங்கும். கடலுக்குக் கோடு இல்லை, புகை மாதிரி எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கும். நான் பூனையின் கோடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கினேன். மிச்சத்தை உயர்த்தினேன். உயர்த்தினால் என்ன ஆகும் என்று இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஏற்கெனவே துடைத்த சத்தத்தை மறுபடி தூக்கினால், அடுத்த அறைக்குள் யாரோ முணுமுணுப்பது போல ஒன்று கேட்கும். அது யாருடைய குரலும் இல்லை. கணினி கடித்துத் துப்பிய எச்சம்.

சப்றி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். "இன்னும் கூட்டுங்க" என்பான். கூட்டுவேன். "கொஞ்சம் பின்னால போங்க" என்பான். போவேன்.

ஒரு இடத்தில் எனக்குத் தெரிந்தது. பூனையின் இரண்டாவது கத்தலுக்கு அடியில், உடைந்த மூன்று நாலு கோடு, அடுக்கடுக்காக. மெல்ல ஏறி அறுந்துபோன கோடு. மூலப் பதிவில் அவ "பொறுடா" என்று தொடங்கிய இடம் அதுதான். என் கண் தவறாது என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் இவ்வளவு காலம் அந்தத் திரையைப் பார்த்தவன் நான். அந்த இடத்தைத் தூக்கி அவனுக்குக் கொடுத்தேன்.

அவன் முகத்தைச் சுளித்தான். "இது என்ன, தகரத்தச் சுரண்டுற மாதிரி? இது உம்மா இல்ல. அங்கால போங்க."

அந்தப் பக்கம் போனேன். பூனை கத்தி முடித்து அடுத்த கத்தலுக்கு மூச்சு எடுக்கும் இடம். திரையில் ஒரு கோடும் இல்லை. புகை மட்டும்தான். சாய்ந்தமருதுக் கடலும் கணினியின் எச்சமும்.

"இந்தா!" என்று என் கையைப் பிடித்தான். "இந்தா, இதுதான்! நிப்பாட்டுங்க. திரும்பப் போடுங்க." திரும்பப் போட்டேன். அவன் வாய் கோணியது. "உம்மாதான். என்னமோ கதைக்கிறா. சொல்லு வெளங்குதில்ல, ஆனா அவ கதைக்கிற தாளம்தான்." கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பார்த்தாலும் கடல்தான்.

"அந்தச் சுரண்டுற சத்தத்த எடுத்துடுங்க காக்கா. அது வந்து இவட சத்தத்தக் கெடுக்குது. இந்தத் துண்ட மட்டும் வெட்டித் தாங்க, நான் தூங்குற நேரம் போட்டுக்கிடுவன்."

எனக்கு அழுகை வந்தது. அந்தப் பிள்ளை தன் உம்மாவை எடுத்துவிடு என்று என்னிடம் சொல்கிறான், அந்தச் சுரண்டல்தான் அவ என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சொன்னால் அவன் கையில் இருப்பதும் போய்விடும். அதற்குப் பதிலாக நான் கொடுப்பது தகரம் சுரண்டும் சத்தம். சொல்லவில்லை. "அது இருக்கட்டும் தம்பி. எடுத்தா மத்ததும் சேந்து போயிரும்" என்று சொல்லி, இரண்டையும் ஒன்றாகவே வெட்டி அவன் போனில் போட்டேன். அவன் ஒத்துக்கொண்டான். பிறகு, சட்டப்படி, அவன் பார்த்துக்கொண்டிருக்க என் கணினியில் இருந்ததை அழித்தேன்.

போக எழும்பியவன் நின்றான். ஹெட்போனைத் தன் போனில் செருகித் திரும்ப அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, கழற்றி என் பக்கம் நீட்டினான். முகம் வெளிச்சமாக இருந்தது. வந்ததில் இருந்து அப்போதுதான் சிரித்தான்.

"நீங்களும் ஒருக்கா கேளுங்க காக்கா. உம்மாதானே?"

நான் கையை நீட்டவில்லை.

"அவட சத்தம் எனக்குக் கேக்கப்படாதே தம்பி" என்றேன்.

"ஓம் என்ன, அதுவும் சரிதான்" என்றான். என்மேல் அவனுக்கு மரியாதை கூடிவிட்டது போலத் தெரிந்தது. ஹெட்போனைத் தன் காதில் மறுபடி மாட்டிக்கொண்டு, அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.